முரண் தடை

ஒருவர் தம் சொல்லாலோ செயலாலோ பிறரை ஒன்றை நம்பி நடக்கவைத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் அதையே மறுக்கவிடாத சட்டவிதி, ஆங்கிலத்தில் எஸ்டாப்பல். துளையை அடைக்கும் சணல் நாரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. வாயடைப்பு என்றாலும் பொருந்தும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 121.

எடுத்துக்காட்டாக, தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டுக் கழகமான சிப்காட்டின் கும்மிடிப்பூண்டி வளாகத்தில் மனையைக் குத்தகைக்கு எடுத்த ஆலை, குத்தகை நீடிக்கும்போதும் முடிந்த பிறகும், ‘தொடக்கத்திலேயே சிப்காட்டுக்கு இந்நிலத்தில் உரிமையில்லை’ என்று வாதிட முடியாது (அதே அதினியம், பிரிவு 122).

தொழில்முனைவோருக்கு அதிகம் பயன்படுவது முரண் தடையின் கிளையான வாக்குறுதி முரண் தடை. கான்பூரில் வனஸ்பதி ஆலை தொடங்கினால் மூன்றாண்டு விற்பனை வரிவிலக்கு என்று உறுதியளித்த உத்தரப் பிரதேச அரசு பின்வாங்கியது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில், 1978 டிசம்பரில், உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதி அரசையும் அதன் சொல்லில் கட்டிநிறுத்தினார். துணிச்சலான தீர்ப்புதான். ஆனால் சட்டமே தடுக்கும் ஒன்றை அதிகாரி வாக்களித்திருந்தால் இவ்விதி கைகொடுக்காது.