அம்பலம் ஏறாத சொல்

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்கிறது நம் நாட்டுப் பழமொழி. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அக்கான் மக்களும், ஏழை சொன்ன பழமொழி பரவாது என்கின்றனர். கடல்கள் இடையிட்ட இரு மக்கள். கண்ட காட்சியோ ஒன்று! இதனை உலக நியதி என்று கைகட்டி நிற்போர் உண்டு. நாமோ இதனை வரலாற்றுச் சான்று என்போம்.

சொல்லையே முதலில் நோக்குவோம். பழந்தமிழில் 'ஏழை' என்றால் அறிவில்லாதவன். பெண்ணையும் அப்பெயரால் குறித்தனர். அது தனியே எழுத வேண்டிய கதை. பொருளில்லாதவனுக்கு வறியவன், நல்கூர்ந்தவன் என்ற பெயர்கள் இருந்தன. பின்னாளில் அறிவிலிக்குரிய பெயரே அவன் தலையில் ஏற்றப்பட்டது. மடியிலே காசில்லாதவனுக்கு மண்டையிலே மூளையுமில்லை என்ற தீர்ப்பு அது!

அம்பலம் என்பது ஊர்மன்றம். மலையாளத்தில் கோயிலுக்கும் அதுவே பெயர். சொல் ஏறுவது இருக்கட்டும். கால் நடக்க முடிந்ததா? நம் கோட்டாற்றிலிருந்து நடை தொலைவில் உள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடப்பதற்கே 1926-இல் டாக்டர் எம். இ. நாயுடு முதலானோர் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. திருவாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல்தான் வந்தது. தெருவே மூடிக் கிடந்த ஊரில் அம்பலம் திறந்தா இருந்திருக்கும்?

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது." கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்த நாஞ்சில் நாட்டிலும் இம்மொழி வழங்கியது. திருவாங்கூரில் வயலில் உழைத்தோருள் பலர் விலைக்கு விற்கப்பட்ட அடிமைகள். 1855-ஆம் ஆண்டுப் பிரகடனமே அம்முறையை ஒழித்தது. மாட்டோடு மாடாக எண்ணப்பட்டவன் எந்த ஏட்டில் கணக்கெழுதுவான்? நெல்லை அளந்தவன் கையில்தான் எழுத்தாணியும் இருந்தது. ஆயினும் இப்பழமொழி வெறும் புலம்பல் அன்று. உழக்கும் மிஞ்சாது என்று சொல்கிறானே, அவன் மனக்கணக்காகவேனும் போட்டுப் பார்த்துவிட்டான் என்றுதானே பொருள்!

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பதோ வேறு வகை. வயிறு நிறைந்தவன் வறியவனுக்கு வழங்கிய ஆறுதல் இது என்பதே நம் கருத்து. நாஞ்சில் வயலுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள்!

பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார். அந்நூலைப் புரட்டும் தோழர்கள், ஒவ்வொன்றின் அருகிலும் 'சொன்னவன் உழுதவனா, அளந்தவனா?' என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்கலாம்.