முல்லைப் பெரியாறு: சுண்ணாம்புக்குள் இறுக்கிய கம்பி

முல்லைப் பெரியாறு பற்றிய சண்டையில எப்பவும் 1895ஆம் ஆண்டுதான் வரும். பென்னிகுயிக், சுண்ணாம்பு, சுர்க்கி, 999 வருஷக் குத்தகை. ஒரு தரப்பு அதைக் கிழட்டு அணை என்கிறது. மறுதரப்பு, அந்தக் காலத்துக் கட்டு அசையாது என்கிறது. ரெண்டு தரப்புமே 1980களைக் கவனிக்காமல் தாண்டிப் போகுது.

1979 ஓகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் அணை உடைஞ்சு ஊரே அழிஞ்சது. கேரளத்தில் பயம் கூடிச்சு. மத்திய நீர் ஆணையம் வந்து பார்த்து, நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, அணையைப் பலப்படுத்தச் சொன்னது. அதில ஒரு வேலைதான் கம்பி நங்கூரம்: அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறைக்குள்ள வரைக்கும் துளையிட்டு, 95 உருக்குக் கம்பிவடங்களை இறக்கி, ஒவ்வொன்றையும் 120 தொன் விசையில இழுத்துப் பூட்டினாங்க.

ஏன் முன்கூட்டியே இழுக்க வேணும்? மீன்பெட்டியை லொறியில கட்டுறதை நினைச்சுப் பாருங்க. கயிறு தளர்வா இருந்தா, குழியில லொறி விழும்போது பெட்டி முதல்ல துள்ளும், பிறகுதான் கயிறு பிடிக்கும், அதுவும் ஒரு வெட்டு வெட்டி. இறுக்கிக் கட்டினா பெட்டி ஏற்கெனவே தட்டோட அழுத்தப்பட்டு இருக்கும். நங்கூரமும், இயந்திரத்தைக் கொங்கிரீட் அத்திவாரத்தில பூட்டுற போல்ட்டும் இப்படித்தான். வெளியில இருந்து வர்ற இழுவை முதல்ல அந்த அழுத்தத்தைத்தான் குறைக்கும். கம்பியில கூடுற விசை கொஞ்சம்தான். அழுத்தம் தீர்ந்தாத்தான் இடைவெளி திறக்கும், முழுப் பாரமும் கம்பிக்கு வரும். சுண்ணாம்புக் கட்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால இந்தக் கணக்கு அதுக்கு உயிர்க்கணக்கு. (எங்கட வயலுக்குத் தண்ணி தர்ற இங்கினியாகலை மண்ணணை. அதோட கதை வேற.)

இது சென்னையிலோ டெல்லியிலோ கண்டுபிடிச்ச வித்தையும் இல்லை. 1934இல அல்ஜீரியாவின் செர்பா அணையை ஆந்த்ரே கொய்ன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் இப்படித்தான் பாறையோட இறுக்கினார், ஒரு நங்கூரத்துக்குச் சுமார் 1000 தொன்.

2014இல உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தபோது அணைக்குப் பின்னால இந்த வேலைகளும் இருந்தன. ஆகவே "119 வருஷ அணை" என்ற பேச்சு பாதி உண்மைதான். ஆனால் இன்னொரு வயசும் ஓடிக்கொண்டிருக்கு. இழுபட்டுக் கிடக்கும் உருக்கு மெல்ல மெல்லத் தளரும். சுத்தியுள்ள கட்டு அமுங்கும். ஈரம் பட்டால் துரு. சிமெந்துக் குழம்பு ஊத்தி மூடின கம்பியைத் திரும்ப இழுக்க ஏலாது, வெளியில எடுத்துப் பார்க்கவும் ஏலாது. அணை எவ்வளவு பழசு என்று கேக்கிறவங்க, அந்த 120 தொன்னில இப்ப எவ்வளவு மிச்சம் என்றும் கேக்கலாம்.