தண்ணீர் நின்ற இடம்

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அடுத்த முறை கும்பிட்டுவிட்டு கடற்கரைப் பக்கம் காரில் போகும்போது, போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். நிலம் தோசைக்கல் போலத் தட்டையாக இருக்கும். அங்கங்கே கோடு போட்டது போல வாய்க்கால்கள். போன குளிர்காலத்தில் என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, அதைப் பார்த்துவிட்டு, "இது தண்ணி நின்ன இடம் கண்ணு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். அம்மாயி சொன்னதுதான் சரி.

அங்கே இருந்தது கேரம் கேரம் சதுப்பு நிலம். மோர்டியலொக்கிலிருந்து பிராங்ஸ்டன் வரை, 4,000 ஹெக்டேருக்கும் மேல். பூனுரொங் மக்கள் அதில் விலாங்கு மீன் பிடித்தார்கள், பறவைகளை வேட்டையாடினார்கள். அது அவர்களுடைய சாப்பாடு. ஆனால் ஆடு மாடு வளர்க்க வந்த ஐரோப்பியர்களின் கணக்கில் அது வீண் நிலம். சேற்றை யார் வாங்குவார்கள்? காய்ந்த மண்ணென்றால் விற்கலாம். 1870களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பினார்கள். நாம் பற்றர்சன் ஆறு என்கிறோமே, அது இயற்கையான ஆறே இல்லை, அப்போது வெட்டிய கால்வாய்.

இதை அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க மலையிலயும் இதைத்தான் செஞ்சாங்க" என்றார். அவர் பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில்.

இலங்கை மலைநாடு ஒரு காலத்தில் அடர்ந்த காடு. பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள் அதில் விறகெடுத்தார்கள், சேனைப் பயிர் செய்தார்கள். யாரிடமும் உறுதிப் பத்திரம் இல்லை. 1840இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் போட்டது: பயிர் செய்யாத நிலம், காடு எல்லாம், வேறு யாருக்கும் உரியது என்று நிரூபிக்காவிட்டால், அரசுக்குச் சொந்தம். பிறகு அதையே ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளும் இருந்தார்கள்! சட்டம் போட்டவர்களே கடைக்காரர்களும் என்றால் வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காட்டை வெட்டி, எரித்து, மலை முழுக்கக் கோப்பி நட்டார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து மக்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து. பலர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தார்கள். என் முன்னோர்கள் பிழைத்தவர்கள்.

1869இல் கோப்பி இலைகளில் துரு நிறத்தில் ஒரு பூஞ்சை தெரிந்தது. இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்டில் ஒரு செடிக்கு நோய் வந்தால் பக்கத்தில் நிற்பது வேறு செடி, நோய் அதோடு நின்றுவிடலாம். இங்கே மலைக்கு மலை ஒரே செடி, காற்றை மறிக்க இடையில் மரமும் இல்லை. ஒரே பயிர் என்றால் லாபம் அதிகம் என்பதுதானே கணக்கு? அந்தக் கணக்கே பூஞ்சைக்குப் பாதை போட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள், இன்னும் உயரத்துக் காடுகளும் விழுந்தன. அந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளிய மக்களில் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. காடும் போய், நாடும் இல்லை.

நாம் கும்பிடப் போகும் வழியும், என் நண்பர்கள் பலருடைய வீடும் அந்தப் பழைய சதுப்பின் மேல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே நின்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சதுப்பில் மிஞ்சியது எடித்வேல், சீஃபோர்ட் பக்கத்து ஈரநிலங்கள் மட்டும். பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2001இல் அவை ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொரு வருடமும் சைபீரியாவிலிருந்து உள்ளான் பறவைகள் அங்கே வருகின்றன. போன நவம்பரில் அம்மாயியைக் கூட்டிப் போனேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்தார். பறவைகளை எண்ணத் தொடங்கி, நூறு தாண்டியதும் விட்டுவிட்டார்.