'டில்' தம்பி இல்லீங்க, அண்ணன்!

போன மாசம் ஆணி ரொம்ப ஜாஸ்தி. க்ளையண்டுக்கு அவசரமா ஒரு மெயில் தட்டினேன்: "ஐ வில் வொர்க் ஆன் திஸ் டில் ஃப்ரைடே." நான் சொல்ல நினைச்சது, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன். அவங்க புரிஞ்சுக்கிட்டது, வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை ஓடிக்கிட்டே இருக்கும். அந்த வார ரிலீஸ்லேர்ந்து என் வேலையைத் தூக்கிட்டாங்க. கண்முழிச்சு வியாழக்கிழமையே முடிச்சிருந்தேன் மக்களே! டேமேஜர்கிட்ட வாங்கினது தனிக்கதை.

அந்தக் கடுப்புல இந்தக் குட்டி வார்த்தைகளோட பூர்வீகத்தைத் தோண்டினேன்.

'அன்டில்' சுருங்கித்தான் 'டில்' ஆச்சுன்னுதானே நினைக்கிறீங்க? தலைகீழ். டில்தான் மூத்தது. வட இங்கிலாந்தில் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே புழங்கிய சொல். வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலும் இதே சொல் உண்டு. ஸ்வீடன்காரர்களுக்கு இன்றும் 'டில்' என்றால் நம்ம 'க்கு'. அதன் முன்னால், 'வரை' என்றே பொருள்படும் 'உண்ட்' என்ற நார்ஸ் சொல் ஒட்டிக்கொண்டு, 1200 வாக்கில் வந்ததுதான் அன்டில். அதாவது 'வரைக்கும் வரைக்கும்'. நம்ம 'நடு சென்டர்' மாதிரி!

'சின்ஸ்' கதை வேற. பழைய ஆங்கிலத்தில் 'அதற்குப் பிறகு' என்ற பொருளில் இருந்த 'சித்தன்' தேய்ந்து தேய்ந்து சின்ஸ் ஆனது. 'அது' என்று கைகாட்ட ஒரு புள்ளி வேண்டுமில்லையா? அதனால்தான் 'சின்ஸ் 2019' சரி, 'சின்ஸ் டூ இயர்ஸ்' தப்பு. கால அளவுக்கு 'ஃபார்'.

'ட்யூரிங்' ஒரு செத்துப்போன வினைச்சொல்லின் வாரிசு. 'நீடி' என்ற பொருளில் 'ட்யூர்' என்று ஒரு சொல், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியா வந்தது. 'ட்யூரிங் தி வார்' என்றால் 'போர் நீடிக்கையில்'. எவ்வளவு நாள் என்று அது சொல்லாது, எப்போது என்றுதான் சொல்லும்.

கடைசியா 'பை'. ஆதிப்பொருள் 'பக்கத்தில்'. வெள்ளிக்கிழமை பக்கத்துல வந்து நிக்கும்போது வேலை முடிஞ்சிருக்கணும். நான் எழுதியிருக்க வேண்டிய சொல் இதுதான்!

யோசிச்சா, நம்ம 'குள்ள'வில் 'உள்' இருக்கு. 'வரைக்கும்' என்பதில் வரை, அதாவது எல்லை இருக்கு. "சாயங்காலத்துக்குள்ள வந்துடு"ன்னு அம்மா சொன்னா, சாயங்காலம் வரைக்கும் ஊர் சுத்தலாம்னு நான் ஒருநாளும் புரிஞ்சுக்கிட்டதில்லை. இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும் உள்ளே இருக்கிற படத்தைப் பார்க்காம மனப்பாடம் பண்ணிட்டோம்.

இப்பல்லாம் மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன்: குள்ளயா, வரைக்குமா, லேர்ந்தா?

டிஸ்கி: அடுத்த ரிலீஸ்ல என் வேலை போயிடுச்சு. சர்வருக்குத்தாங்க!