சில நாள் மட்டும் மக்கர்: செல்ஃபின் கதை

பத்து தடவை சாவியைத் திருப்பினால் ஒன்பது தடவை வண்டி ஸ்டார்ட் ஆகும். பத்தாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் சமர்த்தாக ஓடும். ஒரேயடியாகச் செத்த பேட்டரியைக் கண்டுபிடிப்பது சுலபம். வந்து வந்து போகிற இந்தக் கோளாறுதான் பென்ஷன் பணத்தைத் தின்றுவிடும். முதலில் புது பேட்டரி, பிறகு புது செல்ஃப் மோட்டார், அதற்குப் பிறகும் மக்கர். இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் சென்னையைச் சுற்றியே நடந்தது.

ஆரம்ப காலக் கார்களை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அதனால்தான் கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து வை என்று அந்தக் கால டிரைவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன் கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் அமைத்தவர். சில விநாடிகள் மட்டுமே ஓடும் மோட்டார் சிறியதாக இருக்கலாம், அந்தச் சில விநாடிகளுக்கு அதன் மீது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றலாம் என்பது அங்கே அவர் கற்ற பாடம். 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தது.

அந்த 'அளவுக்கு மீறிய சுமை'யில்தான் நம் மக்கரின் விதையும் இருக்கிறது. ஒரு ஹெட்லைட் பல்பு இழுப்பது சுமார் 5 ஆம்பியர். சாதாரண காரின் செல்ஃப் இழுப்பதோ 150 ஆம்பியரும் அதற்கு மேலும். பேட்டரி டெர்மினலில் 0.02 ஓம் அளவுக்கு அழுக்கு சேர்ந்திருந்தால் ஹெட்லைட்டுக்கு இழப்பு 0.1 வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் செல்ஃபுக்கு 3 வோல்ட் வரை போய்விடும். லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது, ஆகவே இணைப்பெல்லாம் சரி என்று நாம் முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

சென்னையில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கியது. அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு கார் 1961இல் வந்தது. அதே 1961இல் பாடியில் வண்டிகளுக்கான மின் சாதனங்கள் செய்ய லூகாஸ் டிவிஎஸ் அமைந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு செல்ஃப் காலை வாரினால் வேறு வழி இருந்தது. அம்பாசிடர், ஃபியட் டிக்கியில் ஹேண்டில் கிடக்கும். லாரிக்காரர்கள் சரிவு பார்த்து நிறுத்துவார்கள். இல்லையென்றால் நான்கு பேர் தள்ளுவார்கள். கோளாறு எங்கே என்று தேடாமலே காலம் ஓடியது.

பிறகு ஹூண்டாய் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998இல் சாண்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2013இல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு. இந்தப் புதுக் கார்களில் ஹேண்டிலுக்கு ஓட்டையே கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளியும் கிளப்ப முடியாது. பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் இன்ஜெக்ஷன் வண்டியின் பெட்ரோல் பம்பே ஓடாது. 2021இல் வந்த புது கிளாசிக் 350இல் கிக்கரும் போய்விட்டது. மாற்று வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பிறகு, கோளாறைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டது.

கண்டுபிடிக்கும் முறை மட்டும் பழையதுதான். முதலில் காதால் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், கிளச் ஸ்விட்ச், ரிலே பக்கம் தேடலாம். 'டக டக டக' என்று அடித்தால் வோல்ட் போதவில்லை. ஒரே ஒரு 'டக்' என்றால் சோலினாய்டு காண்டாக்ட், கார்பன் பிரஷ், அல்லது கனமான கேபிள் இணைப்புகள். ஸ்பேனரால் மோட்டாரை ஒரு தட்டு தட்டினதும் ஓடினால் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்பதால்தான் ஒரு நாள் எடுக்கிறது, ஒரு நாள் எடுப்பதில்லை.

அடுத்தது மீட்டர். வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டு, வேறொருவரை சாவி திருப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் இழுக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். விழவில்லையென்றால் மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈயக் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல), மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வையுங்கள். செல்ஃப் இழுக்கும் அந்த நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் இணைப்பில். பாசிட்டிவ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் நடுவிலும் இதே சோதனைதான். கோளாறு தலைகாட்டும் நேரத்தில் அளந்தால்தான் பலன். நன்றாக ஓடும் வண்டியில் மீட்டர் எதையும் சொல்லாது.

செம்பு என்றால் களிம்பு ஏறும். நம் பாட்டிமார் புளி போட்டுத் தேய்த்தது அதற்காகத்தான். வயருக்குள் இருப்பதும் அதே செம்புதான். கடல் காற்றும் மழையும் உள்ள ஊரில் அது சீக்கிரமே பச்சை பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் தண்ணீரில் நின்றது போன்ற வண்டிகளில், மேலே எல்லாம் காய்ந்த பிறகும் கனெக்டருக்குள் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காத நாள், வெயிலா மழையா, எஞ்சின் சூடா ஆறியதா, சத்தம் வந்ததா இல்லையா என்று குறித்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். புது பேட்டரி எழுதிக்கொடுக்கும் முன், "எர்த் டிராப் பார்த்தீங்களா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல சமயம் ஒரு உப்புத்தாளும், ஒரு ஸ்பேனரும், கொஞ்சம் வாசலினுமே போதுமாக இருக்கும்.