வாய்க்காலைக் கடக்கும் மிதிவண்டிகள்

எகிப்து நாட்டு வரலாற்றுப் பேரறிஞர் மக்ரீஸீ (1364–1442) கெய்ரோ மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தபோது, மன்னர்களின் பட்டியலோடு நின்றுவிடவில்லை. நகரின் தெருக்களையும் குடியிருப்புகளையும் பள்ளிவாசல்களையும் கடைவீதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இன்ன இடத்தை இன்னார் எழுப்பினார், இன்ன காலத்தில் அது பாழாயிற்று என்று கூறிச் சென்றார். 'கித்தத்' என்று அந்நூல் வழங்கப்பெறுகிறது. குடியிருப்புப் பகுதிகள் என்பது அச்சொல்லின் பொருள். தெருக்களை வழியே தொடர்ந்து சென்றால் ஒரு நகரத்தின் உயிரைக் கண்டுவிடலாம் என்னும் உண்மையை அவர் நன்கறிந்திருந்தார்.

நம் புதுவை நகரில் மரபுச் சின்னங்களைப் போற்றும் விழா நாள்களில் இளைஞர்களும் முதியோரும் கூட்டமாகச் சேர்ந்து பழைய தெருக்களைச் சைக்கிளில் சுற்றிவரும் காட்சியைக் காணுந்தோறும் மக்ரீஸீயின் நினைவு நமக்கு வருவதுண்டு. இலண்டன் மாநகரில் பழைய பாணி உடையணிந்து பழந்தெருக்களைச் சுற்றும் மிதிவண்டி உலா 2009 முதல் நடைபெற்று வருகிறது. உலகின் வேறு பல நகரங்களிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது. புதுவைக்கோ இது புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட அணிகலன் அன்று. இவ்வூரின் அமைப்போடு இயல்பாகப் பொருந்துவது.

ஏனெனில் புதுவை, சைக்கிளுக்கென்றே வகுத்தாற் போன்ற ஊர். மேடில்லை, பள்ளமில்லை, தெருக்கள் நூல் பிடித்தாற் போல் நேரானவை. சைக்கிள் வருமுன் இங்கே புஷ்-புஷ் என்னும் ஒரு வண்டி ஓடியது. உள்ளே அமர்ந்திருப்பவர் கைப்பிடியைப் பற்றித் திசை திருப்ப, பின்னாலிருந்து ஒரு மனிதர் தள்ளிக்கொண்டு ஓடுவார். ஒருவர் அமர மற்றொருவர் வியர்வை சிந்திய அக்காலத்தை எண்ணும்போது, தன்னைத் தானே சுமந்து செல்லும் இம்மிதிவண்டி மனிதகுலத்துக்குக் கிடைத்த எத்துணைப் பெரிய விடுதலை என்பது விளங்கும். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி இரு சக்கரங்களும் ஒத்த அளவுடைய வண்டியை உருவாக்கினார்; 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார்; பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903இல் தொடங்கியது. நம் இளமையில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, மதரஸா விடுமுறை நாளின் மாலைப்பொழுதைக் கடற்கரையில் கழித்த இன்பம் இன்றும் நெஞ்சில் இனிக்கிறது.

இத்தெருக்களை இவ்வாறு நேர்கோடுகளாக வகுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மை வேறு. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கு வந்து பிரெஞ்சு வணிகத்தை நிலைநிறுத்தினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினர். ஆறாண்டுகளே அவர்கள் இங்கிருந்தனர். ஆயினும் 1694ஆம் ஆண்டு அவர்கள் வரைந்த கட்டம் கட்டமான தெருத் திட்டமே பின்னாளில் ஊரின் அடிப்படையாயிற்று. 1699இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, தம் பகைவர் வகுத்த திட்டத்தை அவர்கள் தள்ளிவிடவில்லை, எடுத்துக்கொண்டனர். அறிவு எங்கிருந்து வரினும் ஏற்றுக்கொள்ளுதல் ஆக்கம் தரும் என்பதற்கு இது ஒரு சான்று.

அதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 1761ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பல மாத முற்றுகைக்குப்பின், பட்டினியால் வாடிய புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1763இல் பாரிசு உடன்படிக்கை கையெழுத்தாகி, 1765இல் ஊர் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது பிரெஞ்சுக்காரர் பெற்றது பெரும்பாலும் இடிபாடுகளையே. லா தெ லோரிஸ்தோன் என்னும் ஆளுநர் பழைய தெருக்களின் தடத்தின் மீதே மீண்டும் ஊரை எழுப்பினார். ஆகவே, இன்று உலா வருவோர் வியந்து படமெடுக்கும் மஞ்சள் சுவர்களைக் காட்டிலும் அவர்தம் சக்கரங்கள் உருளும் தெருவே மூத்தது. சுவர் இடியும், தெரு நிற்கும்.

உலா பெரும்பாலும் கடற்கரையில் தொடங்குகிறது. அங்கே நகரமன்றக் கட்டடமாகிய 'மேரி' கம்பீரமாக நிற்கிறது. பழைய மேரி 2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பல்லாண்டுப் புறக்கணிப்பின் பயன் அது. அவ்வீழ்ச்சியே இவ்வூர் மக்களை உலுக்கி எழுப்பியது எனலாம். அதே வடிவில் அது மீண்டும் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. ஆயினும் மீட்டெடுத்தது வேறு, காத்து வைத்தது வேறு என்பதை அறிந்தோர் அறிவர்.

கடற்கரைத் தெருக்களைச் சுற்றியபின் மேற்கே திரும்பினால் பெரிய வாய்க்கால் குறுக்கிடும். பிரெஞ்சு ஆட்சியில் இவ்வாய்க்கால் வெறும் நீர்வழியாக இருக்கவில்லை. வெள்ளையர் ஊருக்கும் 'கறுப்பர் ஊர்' என்று அவர்கள் அழைத்த தமிழர் ஊருக்கும் இடையே நின்ற எல்லையாக இருந்தது. அரபு மொழியில் 'உபூர்' என்றால் கடத்தல். அதே வேரிலிருந்து பிறந்ததுதான் 'இப்ரத்' என்னும் சொல்லும். படிப்பினை என்பது அதன் பொருள். கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து காணாத உண்மைக்குக் கடந்து செல்வதே படிப்பினை. இப்னு கல்தூன் தம் பெருநூலுக்கு இச்சொல்லின் பன்மையையே பெயராகச் சூட்டினார். பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை பலவிடங்களில் ஏவுவதன் உட்பொருளும் இதுவே. ஆகவே, வாய்க்காலைக் கடவாத உலா வேடிக்கையாய் முடியும். கடந்த உலாவே படிப்பினையாகும்.

வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் பகுதி விரிகிறது. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் நிறைந்த வைசியாள் வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருது கிட்டியது. மிஷன் வீதியிலுள்ள மாதா கோயிலைக் கடக்கும்போது, அதனருகே ஒருகாலத்தில் நின்ற வேதபுரீசுவரர் ஆலயத்தை நினையாமல் இருத்தல் இயலாது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில், துய்ப்ளெக்ஸ் ஆட்சியில் அவ்வாலயம் இடிக்கப்பட்டது. அந்நாளைய துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய அக்குறிப்புகள் தமிழில் நமக்குக் கிடைத்த அரும்பெரும் செல்வம். பிறர் வணக்கத்தலம் இடிக்கப்பட்ட செய்தியைப் படிக்கும்போது நம் நெஞ்சும் கனக்கிறது; கனக்கவேண்டும்.

இனி, தமிழர் பகுதியின் தென்பால் சென்றால் காஜியார் வீதி, முல்லா வீதி, சந்தா சாகிபு வீதி என்று பெயர்களே வரலாறு கூறும் நம் மக்களின் குடியிருப்பு வந்துவிடும். குத்பா பள்ளியும் மீரான் பள்ளியும் இங்குள்ளவை.

சந்தா சாகிபு என்னும் பெயர் ஒரு பெரிய நிகழ்ச்சியை நினைவூட்டுவது. 1740ஆம் ஆண்டு மே திங்களில் மராட்டியப் படை கருநாடகத்துள் புகுந்தது. தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி கான் போரில் மாண்டார். அவர்தம் குடும்பத்துப் பெண்டிரும் பிள்ளைகளும், அவருடைய மருமகனாகிய சந்தா சாகிபின் மனைவி மக்களும் அடைக்கலம் தேடிப் புதுவைக் கோட்டை வாயிலுக்கு வந்தனர். வாயிலைத் திறப்பதா, மூடுவதா என்பது ஆளுநர் துய்மாவின் முன் நின்ற கேள்வி. திறந்தால் மராட்டியரின் சினம். மூடினால் நம்பி வந்தோரின் அழிவு. துய்மா திறந்தார். மராட்டியத் தலைவர் இரகோஜி போன்சுலே அவர்களை ஒப்படைக்குமாறு மிரட்டியபோதும் இசையவில்லை. இதில் அரசியல் கணக்கு இல்லாமலில்லை; வணிகக் குழுமத்தின் நலனும் அதனுள் அடங்கியிருந்தது. எனினும், வந்தவரைக் கைவிடாமை என்னும் அறம் அன்று இவ்வூரில் நிலைநின்றது. 1749இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் துணையோடு வெற்றி கண்ட சந்தா சாகிபு, வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினார். வாய்க்காலை ஒட்டியுள்ள ஆம்பூர் சாலையின் பெயரைப் படிக்கும் உலாவினர் இச்செய்தியையும் அறிந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

இன்னும் உண்டு. 1736இல் பெற்ற உரிமையின் பேரில் பிரெஞ்சுக்காரர் அடித்த வெள்ளி ரூபாயில் பொறித்தது தில்லிப் பாதுஷாவின் பெயரை, எழுத்து பாரசீகம். 1819ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிறப்பித்த ஒழுங்குவிதி, கிறித்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகிய மக்கள் தத்தம் சட்டப்படியும் வழக்கப்படியுமே வழக்குத் தீர்க்கப்படுவர் என்று உறுதி கூறியது. காஜியார் என்னும் பெயர் ஒரு தெருவுக்கு ஏன் வாய்த்தது என்பதை இப்பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு ஆட்சியின் கடல்வழியே புதுவை, காரைக்கால் மக்கள் சைகோன் வரை சென்று வாழ்ந்தனர். அந்நகரின் நடுவே 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது.

இவ்வளவு செய்திகளையும் இன்று இங்கே எழுதும் நாம், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வாயடைத்து நின்றோம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சுபுஹுத் தொழுகை முடித்து வெளிவந்து பள்ளியருகே நின்றிருந்தோம். சைக்கிள்களில் ஒரு கூட்டம் வந்தது. பெரும்பாலோர் நிற்காமல் சென்றுவிட்டனர். கல்லூரி மாணவி ஒருத்தி மட்டும் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியவாறு, "ஐயா, இந்தப் பள்ளிவாசல் எந்தக் காலத்தது? யார் கட்டியது?" என்று மரியாதையோடு வினவினாள். பல்லாண்டுகளாக அதே பள்ளியில் தொழுதுவருகிறோம். கெய்ரோவின் பள்ளிவாசல்களைப் பற்றிக் கேட்டிருந்தால் மக்ரீஸீயின் துணைகொண்டு ஒரு நாழிகை பேசியிருப்போம். அவள் கேட்டதற்கோ, "மிகப் பழமையானது, அம்மா" என்பதற்கு மேல் நம்மிடம் விடையில்லை. "நன்றி, ஐயா" என்று கூறி அவள் சென்றுவிட்டாள். அந்த 'மிகப் பழமையானது' என்னும் சொல் நம் வாயில் நெடுநேரம் கசந்துகொண்டிருந்தது.

உலாவினர் நம் தெருக்களுக்கு அருமையாகவே வருகின்றனர். வந்தாலும் நிற்பதில்லை என்று நம்மில் சிலர் குறைபட்டுக்கொள்கின்றனர். அக்குறையில் நியாயமில்லாமல் இல்லை. கடலோரத்து வெள்ளை வீதிகளை மட்டும் காட்டி 'இதுவே புதுவை' என்றால், அது பாதி உண்மையே. வாய்க்கால் பிரித்து வைத்ததை மரபு உலாவும் பிரித்து வைத்தல் கூடாது. ஆனால் அவர்கள் நின்று கேட்டால் காட்டுவதற்கு நாம் எதை வைத்திருக்கிறோம்?

தேக்குத் தூண்கள் தாங்கிய திண்ணைகளை இடித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். 1761இல் அல்ல, நம் கண்முன்னே நம்மவர்களே இடித்தனர். குடும்பம் பெருகுகிறது, பாகப்பிரிவினை வருகிறது, பழைய வீட்டைப் பேணப் பொருள் போதவில்லை என்னும் இடர்ப்பாடுகளை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி எழும்போது, அவ்வீட்டின் அலமாரியிலிருந்த அரபுத் தமிழ்க் கையெழுத்தேடுகள் எங்கே போயின? பாட்டனாரின் திருமணப் பதிவுகள், கப்பற் பயணக் கடிதங்கள், வக்பு ஆவணங்கள் எங்கே? பழைய தாள்களோடு தாளாக எடைக்குப் போனவை எத்தனை! வீடு இடிந்தால் பொருளிருப்பின் மேரியைப் போல மீண்டும் கட்டலாம். ஏடு அழிந்தால் எவர் எழுதித் தருவார்?

ஆகவே, உலாவினரிடம் குறை கூறுமுன் நாம் செய்யவேண்டியவை உள. ஒவ்வொரு பள்ளியின் ஜமாஅத்தும் தன்னிடமுள்ள கல்வெட்டு, ஆவணம், அடக்கத்தலக் குறிப்பு ஆகியவற்றைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியோர் நினைவில் உள்ளவற்றை இளைஞர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியிலேயே குரலைப் பதிந்துகொள்ளும் வசதி இன்று சிறுவர்க்கும் இருக்கிறது. பெரும் செலவு வேண்டாத பணி இது. மனமும் சில மாலைப்பொழுதுகளுமே வேண்டும். அவ்வாறு திரட்டியதைக் கையிற்கொண்டு, 'எங்கள் தெருவிலும் சற்று நில்லுங்கள். சொல்வதற்குச் செய்தி உண்டு' என்று உலா நடத்துவோரை நாமே முன்சென்று அழைக்கலாம். அழைத்தால் வருவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அம்மாணவி அழையாமலே நின்றாள் அல்லவா?

அன்று முதல் நாமும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டோம். மக்ரீஸீயின் முன் அது கடுகளவும் ஆகாது. எனினும் காஜியார் வீதியில் தொடங்கி வீடு வீடாக எழுதிவருகிறோம். ஒருகாலத்தில் நம்மவர் கோட்டை வாயிலில் நின்று தட்டினர். இவ்வூர் கதவைத் திறந்தது. இன்று வினாவோடு நம் வாயிலில் வந்து நிற்போர்க்குக் கதவு திறப்பது நம் கடன். அடுத்த உலாவில் அக்கேள்வியை எவரேனும் மீண்டும் கேட்பாராயின், விடை கூறும் நிலையில் நம்மை வைப்பதற்கு வல்ல நாயன் அருள்புரிவானாக!