தோணிக் கணக்கும் ஒரு பிரெஞ்சுத் தீர்ப்பும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1970களின் தொடக்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தேன். அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி வரும்.

1974 ஜூலையில் புதுத் துறைமுகம் திறந்தது. கப்பல்கள் தளத்தை ஒட்டியே வந்து நின்றன. 1979 ஏப்ரல் 1-ல் பழைய துறைமுகமும் புதியதும் ஒரே பொறுப்புக் கழகத்தின் கீழ் வந்தன. 1999-ல் கொள்கலன் முனையம் வந்தது. ஊர் வளர்ந்தது, மறுக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். தோணிச் சரக்குக்குக் கணக்குப் பார்த்தவர். மூட்டை எண்ணுவதில் தவறவே மாட்டார் என்பார்கள். வேலை நின்ற பிறகும் பிள்ளைகள் சம்பாதித்தார்கள், பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் விடியுமுன் எழுந்து சட்டை மாட்டிக் கடற்கரைக்குப் போய் வெறுமனே திரும்புவார்.

"தம்பி, அவுகளுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மூட்டை எண்ணுற மாதிரி விரல மடக்கிக்கிட்டே இருக்காக" என்று அவர் மனைவி ஒருநாள் சொன்னார்.

வயசாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. குளித்தவர்கள் சங்கு எடுக்கப் போனார்கள். அவர்கள் மனம் என்ன பட்டதென்று எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை. எத்தனை பணியிடம் குறைந்தது என்பதற்கு ஒரு பத்தி உண்டு; எத்தனை பேர் தூக்கம் போனது என்பதற்குப் பத்தி கிடையாது.

பிற்பாடு என் அலுவலகத்திலும் பிரிவுகளை இணைத்தார்கள். நான் வருடக்கணக்காக எழுதிய பதிவேடு கணினிக்குள் போயிற்று. சம்பளம் குறையவில்லை. ஆனாலும் நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்தது. அன்றுதான் பெரியவரின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அதற்குள் அவர் காலமாகியிருந்தார்.

ஓய்வுக்குப் பின் பிரெஞ்சுச் செய்திகளை வாசித்து வந்தேன். பிரான்ஸ் டெலிகாம் 2006-ல் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. பெரும்பாலோர் அரசு ஊழியர் உரிமை உள்ளவர்கள், நீக்க முடியாது. எனவே அவர்களாகவே போகும்படி இடம் மாற்றியும் வேலை மாற்றியும் நெருக்கினார்கள். வழக்கில் 39 ஊழியர்களின் நிலை ஆராயப்பட்டது. 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் தலைவராக இருந்தவரையும் தண்டித்தது. நிர்வாகக் கொள்கையே மனத் துன்புறுத்தலாகலாம் என்பதை அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் உறுதி செய்தது.

நம் ஊரில் அந்தப் பெரியவரை யாரும் துன்புறுத்தவில்லை. காலம் மாறியது, அவ்வளவே. ஆனால் இனி உங்கள் வேலை என்ன, உங்களுக்குத் தெரிந்ததை எங்கே பயன்படுத்தலாம் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான நானும் கேட்கவில்லை.

உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்துக் கணக்கை ஒருமுறை கேளுங்கள்.